ஆறாம் வேற்றுமையும் ஓர் உதைபந்தாட்டக் கழகமும்

இலக்கியச் சஞ்சிகை ஒன்றிலே உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றிய விமர்சனத்துக்கு இடமுண்டா என்ற ஐயம் வாசகர் சிலருக்கு எழலாம். சொற்களின் பொருளை ஆராய்வது விமர்சகனின் தொழிலென்றால், அச்சொற்களைக் கொண்டு இவ்வுலகில் யார் எதைப் பெறுகின்றனர், யார் எதை இழக்கின்றனர் என ஆராய்வதும் அத்தொழிலின் பாற்பட்டதே. 'எங்கள் கழகம்' என்பது அவ்வாறு ஆராயத்தக்க ஒரு தொடர். ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரில், 2017ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி 2018ஆம் ஆண்டின் இறுதிவரை நடந்த போராட்டம் இத்தொடரின் பொருளைப் பற்றிய போராட்டமேயாகும். முதலாளி ஒருவர் 'என் கழகம்' என்றார். ஆயிரக்கணக்கான மக்கள் 'எங்கள் கழகம்' என்றனர். இரு சாராரும் கையாண்ட வேற்றுமை ஒன்று. கருதிய பொருள் வேறு.

ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமைப்பொருள் என்றும், அது தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும் என்றும் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். 'சாத்தனது கை' என்பது தற்கிழமை. கை சாத்தனின் வேறானதன்று. அவனிலிருந்து அதனைப் பிரித்தால் இருவருக்கும் கேடு. 'சாத்தனது வீடு' என்பது பிறிதின்கிழமை. வீட்டைச் சாத்தன் இன்று விற்கலாம்; நாளை அது கொற்றனது வீடாகும். தற்கிழமையின் வகைகளுள் 'பலவின் ஈட்டம்' என்பதும் ஒன்று. பல பொருள்கள் கூடித் திரண்ட திரட்சி அது. கூடியவற்றை நீக்கிவிட்டால் திரட்சி என்று தனியே எதுவும் எஞ்சுவதில்லை. ஓர் ஊரின் விளையாட்டுக் கழகம் இவ்விரண்டில் எந்தக் கிழமை? கொலம்பஸ் நகரத்து ரசிகர்கள் இலக்கணம் படித்தவர்களல்லர். ஆயினும் இந்த வினாவையே அவர்கள் வீதியில் நின்று கேட்டார்கள்.

முதலில் அக்கழகத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை உதைபந்தாட்ட லீக் 1996ஆம் ஆண்டு பத்து அணிகளுடன் ஆட்டத்தைத் தொடங்கியது. அப்பத்தினுள் ஒன்று 'கொலம்பஸ் க்ரூ'. 'க்ரூ' என்றால் ஒன்றாய் நின்று வேலை செய்யும் தொழிலாளர் குழு. அதற்கேற்ப, பாதுகாப்புத் தொப்பியணிந்த மூன்று தொழிலாளரின் உருவமே கழகத்தின் சின்னமாக இருந்தது. தொடக்கத்தில் அணிக்குச் சொந்த அரங்கில்லை. பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கிலே ஆடி வந்தது. அரங்கு கட்டுவதற்காக விற்பனை வரி விதிக்கும் யோசனை 1997இல் பொதுமக்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபொழுது மக்கள் அதனை நிராகரித்தனர். பின்னர் அணியின் முதலாளியான லமார் ஹன்ட் தம் பணத்தைக் கொண்டு, மாநில அரசின் கண்காட்சித் திடல் நிலத்தில், ஏறத்தாழ 28.5 மில்லியன் டொலர் செலவில் அரங்கைக் கட்டினார். 1999 மே மாதம் திறக்கப்பட்ட அது, அந்த லீக்கிலே உதைபந்தாட்டத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் அரங்காகும். 2008இல் அணி லீக்கின் கிண்ணத்தை வென்றது. இரும்புப் படிகளும் எளிய இருக்கைகளும் கொண்ட அந்த அரங்கிலே தந்தையரும் பிள்ளைகளும் கூடிக் கூடி ஒரு மரபு உருவாயிற்று.

2013இல் ஹன்ட் குடும்பத்தார் கழகத்தை அந்தனி பிரீகோர்ட் என்ற முதலீட்டாளருக்கு விற்றனர். அடுத்த ஆண்டே சின்னம் மாற்றப்பட்டது. தொப்பியணிந்த மூன்று தொழிலாளரும் அதிலிருந்து மறைந்தனர். அழகியல் மாற்றம் என்று அதனை அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 2017 ஒக்டோபர் 17ஆம் திகதி வேறொரு செய்தி வெளிவந்தது. நகர மையத்தில் புதிய அரங்கு கிடைக்காவிடின் கழகத்தை டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகருக்குக் கொண்டுசெல்வேன் என்று பிரீகோர்ட் அறிவித்தார். கழகத்தை வாங்கிய காலத்து உடன்படிக்கையிலேயே ஒஸ்டினுக்குச் செல்ல இடமளிக்கும் வாசகம் இருந்தமையும் அப்பொழுதே ஊரறிய வந்தது. நான்கு ஆண்டுகள் மக்கள் ஆரவாரித்ததும், சீட்டு வாங்கியதும், வெயிலிலும் பனியிலும் நின்றதும், வெளியேறும் கதவு ஏற்கனவே திறந்துவைக்கப்பட்ட ஒரு வீட்டிலே!

இவ்விடத்தில் தனி மனிதரின் குணத்தைப் பழிப்பதோடு நின்றுவிட்டால் விமர்சனம் பாதிவழியில் நின்றுவிடும். பொருளாதார அமைப்பையே நாம் நோக்க வேண்டும். அமெரிக்க லீக் மூடிய லீக். தோற்ற அணி கீழ்ப்படிக்கு இறங்குவதுமில்லை. சிற்றூர் அணி வென்று வென்று மேலேறி வருவதுமில்லை. எத்தனை நகரங்களுக்கு இடம் என்பதை லீக்கே தீர்மானிக்கின்றது. வீரர்களின் ஒப்பந்தங்கள் லீக்கின் கையில். 'உரிமையாளர்' எனப்படுவோர் லீக்கில் முதலிட்டு ஓர் அணியை நடத்தும் அனுமதி பெற்றவர்கள். இடங்கள் அருமையாக இருக்கும்வரை அவற்றுக்கு விலையும் உயர்ந்திருக்கும். அணியில்லாத நகரம் ஒன்று எப்பொழுதும் வெளியே காத்து நிற்பது முதலாளிக்கு மிகவும் வாய்ப்பானது. 'அரங்கு தா, இல்லையேல் அந்நகருக்குப் போவேன்' என்று உள்ள நகரை மிரட்டலாம். 'நிலம் தா, வருகிறேன்' என்று காத்திருக்கும் நகரிடம் பேரம் பேசலாம். அரங்கு அரசியல் என்பதன் இரகசியம் இதுவே. பார்வையாளர் குறைவு, வருமானம் குறைவு என்ற காரணங்கள் இம்மேடையில் பேசப்படும் வசனங்களாம்.

கொலம்பஸ் மக்கள் வாளாவிருக்கவில்லை. 'க்ரூவைக் காப்பாற்று' என்ற முழக்கத்துடன் ஓர் இயக்கம் சில நாள்களுக்குள் எழுந்தது. மாநகரசபைக் கட்டடத்தின் முன் மக்கள் திரண்டனர். மஞ்சட்பதாகைகள் கடைகளிலும் வீடுகளிலும் தொங்கின. நூற்றுக்கணக்கான சிறு வணிகர்கள் இயக்கத்தின் நண்பர்களாயினர். கழகம் நின்றால் பருவகாலச் சீட்டு வாங்குவோம் என்று ஆயிரக்கணக்கானோர் உறுதியளித்தனர். வரைபடக் கலைஞரும் சட்டம் அறிந்தவரும் கணக்கெழுதுபவரும் மதுச்சாலைப் பணியாளரும் தத்தம் தொழில் அறிவை இரவல் கொடுத்தனர். கழகத்துக்குப் பெயராக மட்டும் இருந்த 'க்ரூ' என்ற சொல் அவ்வேளையில் மக்களின் செயலுக்குப் பெயராயிற்று.

அவர்களுக்கு ஒரு சட்டமும் துணை நின்றது. 1995இல் ஆர்ட் மொடெல் என்ற முதலாளி, அதே ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரின் அமெரிக்கக் காற்பந்து அணியான பிரவுண்ஸைப் பால்டிமோருக்குக் கொண்டுசெல்வதாக அறிவித்தார். அந்தக் காயத்தின் விளைவாக 1996இல் மாநிலம் இயற்றிய சட்டத்தை மக்கள் இன்றும் மொடெல் சட்டம் என்றே அழைக்கின்றனர். பொதுப்பணத்தின் உதவியோடு நடைபெறும் அரங்கில் ஆடிவரும் அணி வெளியேறுவதாயின், நகரின் சம்மதத்தைப் பெறவேண்டும். அல்லது ஆறு மாத முன்னறிவித்தல் கொடுத்து, அவ்வூரார் அணியை வாங்குவதற்கு வாய்ப்பளிக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். 2018 மார்ச்சில் மாநிலச் சட்டமா அதிபர் மைக் டிவைனும் கொலம்பஸ் நகரமும் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தனர். அரச நிலத்துக் குத்தகையும் வரி விலக்கும் அவ்வழக்கின் ஆதாரங்கள். பொதுச் சொத்தின் நிழலில் வளர்ந்தது முற்றிலும் தனிச் சொத்தாக இருக்கமுடியாது என்ற கருத்து, மங்கலாகவேனும், சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றிருந்தமை கவனிக்கத்தக்கது.

ஆகஸ்ட் 15ஆம் திகதி ஒஸ்டின் நகரசபை, ஏழுக்கு நான்கு என்ற வாக்குகளால் அரங்குக்கு நகர நிலத்தை வழங்கும் உடன்பாட்டுக்கு இசைந்தது. ஆனால் ஒக்டோபரில் நிலைமை மாறிற்று. பிரவுண்ஸ் அணியின் அன்றைய முதலாளிகளான ஹஸ்லம் குடும்பத்தாரும், க்ரூவின் மருத்துவராயிருந்த பீற் எட்வேர்ட்ஸின் குடும்பத்தாரும் கழகத்தை வாங்க முன்வந்தனர். ஆண்டின் இறுதியில் உடன்பாடு எட்டப்பட்டது. கழகம் கொலம்பஸில் நின்றது. நகர மையத்தில் 300 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட செலவில் எழுந்த புதிய அரங்கு 2021 ஜூலையில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், பழைய அரங்கிலே அணி மீண்டும் லீக் கிண்ணத்தை வென்றது. 2023இலும் வென்றது. அமெரிக்க விளையாட்டு வரலாற்றில், புறப்பட ஆயத்தமான அணியை மக்கள் இயக்கம் தடுத்து நிறுத்திய நிகழ்ச்சி அரிது. இவ்வெற்றியை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் வெற்றியைப் போற்றுவதோடு விமர்சகனின் கடமை முடிவதில்லை. வென்றது எது, வெல்லாது விட்டது எது எனப் பிரித்தறிய வேண்டும். 'காப்பாற்று' என்பது ஏவல் வினை. ஏவப்படுபவர் யார்? முழக்கமிட்ட மக்கள் ஒருவரையொருவர் ஏவிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் நாடகத்தின் கடைசிக் காட்சியில் காப்பாற்றும் பாத்திரம் வேறொரு செல்வக் குடும்பத்துக்கே கிடைத்தது. கழகம் ஒரு முதலாளியின் பிறிதின்கிழமையிலிருந்து மற்றொரு முதலாளியின் பிறிதின்கிழமைக்கு மாறிற்று. பிரீகோர்ட்டும் தோற்றவரல்லர், ஒஸ்டினில் புதிய அணியை நடத்தும் இடம் அவருக்குக் கிடைத்தது, அவ்வணி 2021இல் ஆடத் தொடங்கியது. மிரட்டியவருக்கும் பரிசு கிடைக்கும் அமைப்பு மாறாது நின்றது.

அதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. 2021 மே மாதத்தில் புதிய நிருவாகம் கழகத்தின் பெயரிலிருந்து 'க்ரூ' என்ற சொல்லை ஒதுக்கி, 'கொலம்பஸ் எஸ்.ஸி.' எனப் பெயரிட முற்பட்டது. சின்னத்திலிருந்து தொழிலாளரை அகற்றியவர் முன்னவர். பெயரிலிருந்தே அகற்ற முயன்றவர் பின்னவர். ரசிகர் மீண்டும் கொதித்தெழுந்தனர். ஏறக்குறைய ஒரு வாரத்துள் நிருவாகம் பின்வாங்கிற்று. பெயர் தப்பியது. ஆயினும், தாம் காத்த கழகத்தின் பெயரைக் காக்க மூன்றாண்டுக்குள் மறுபடியும் தெருவுக்கு வரவேண்டியிருந்ததெனில், முதற் போராட்டத்தில் அவர்கள் பெற்றது கழகம் இருக்கும் ஊரைப் பற்றிய வெற்றி; கழகத்தை ஆளும் உரிமையை அவர்கள் பெறவில்லை.

இதனினும் கசப்பான பாடம் ஒன்றுண்டு. ஹஸ்லம் குடும்பத்தார் தமது மற்றோர் அணியான பிரவுண்ஸைக் கிளீவ்லாந்து நகர மையத்திலிருந்து புறநகரான புறூக் பார்க்குக்கு மாற்ற முனைந்தனர். 2025 ஜனவரியில் கிளீவ்லாந்து நகரம் அதே மொடெல் சட்டத்தைக் கொண்டு வழக்காடிற்று. ஆனால் அவ்வாண்டு ஜூன் இறுதியில் நிறைவேறிய மாநில வரவு செலவுத் திட்டம், மாநிலத்தை விட்டு வெளியேறும் அணிகளுக்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தும் என்று அதனைத் திருத்திற்று; புதிய அரங்குக்கென, உரியோர் கோராது மாநிலத்தின் பொறுப்பில் கிடந்த பணத்திலிருந்து 600 மில்லியன் டொலரும் ஒதுக்கிற்று. அதில் ஒப்பமிட்ட ஆளுநர் யார்? 2018இல் கொலம்பஸ் மக்களுக்காக வழக்குத் தொடுத்த அதே மைக் டிவைன். பயன் பெற்றவர் யார்? அவ்வழக்கின் நிழலில் க்ரூவை வாங்கிய அதே குடும்பத்தார். ஒருநாள் மக்களின் கேடயமாயிருந்த சட்டம், மக்கள் வீடு திரும்பிய பின்னர் தேய்க்கப்பட்டுவிட்டது.

'அப்படியாயின் அம்மக்கள் தாமே ஒரு கழகத்தை அமைத்திருக்கலாகாதோ?' என்று கேட்கலாம். இங்கிலாந்தில் அவ்வாறு செய்தவர் உண்டு. தென்மேற்கு இலண்டனிலுள்ள விம்பிள்டன் கழகம் 1889இல் தோன்றியது. 1977இல்தான் தொழில்முறை லீக்கில் இடம் பெற்றது. 1988இல் லிவர்பூலை வென்று நாட்டின் தலையாய கிண்ணத்தை எடுத்தது. 1991இல் தன் பழைய மைதானமான புளோ லேனை விட்டு நீங்கி, மற்றொரு கழகத்தின் அரங்கில் ஒண்டிக் குடியிருந்தது. புளோ லேன் பின்னர் பேரங்காடிக் கம்பனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. 2001இல் கழகத்தின் முதலாளிகள் அதனை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் அப்பாலுள்ள மில்டன் கீன்ஸ் என்ற புதிய நகருக்குக் கொண்டுசெல்ல முடிவுசெய்தனர். அங்கும் அரங்கின் பின்னே பெருங்கடைகளுக்கான நில அபிவிருத்தித் திட்டம் நின்றது. மூவர் அடங்கிய ஆணைக்குழு 2002 மே 28ஆம் திகதி, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், இடமாற்றத்தை அனுமதித்தது. ரசிகர்கள் புதிதாய் ஒரு கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததன்று என்ற கருத்தும் அவர்தம் அறிக்கையில் இடம்பெற்றது. மக்கள் இல்லாத 'பரந்த நலன்' எத்தகைய நலனோ!

ரசிகர்கள் அக்கருத்தைச் செயலால் மறுத்தனர். சில வாரங்களுள் ஏ.எவ்.ஸி. விம்பிள்டன் என்ற கழகத்தை அமைத்தனர். ஜூன் மாதத்தில் ஊர்ப் பொதுவெளியிலே, விரும்பி வந்த இருநூறுக்கு மேற்பட்ட இளைஞரிடையே ஆட்டக்காரரைத் தெரிந்தனர். ஜூலையில் நடந்த முதல் ஆட்டத்தில் நான்கு கோல்களால் தோற்றனர். பார்க்க வந்தவரோ 4,000க்கு மேற்பட்டோர். மிகக் கீழ்ப்படியிலிருந்த வட்டார லீக்கிலே தொடங்கி, ஒன்பது பருவகாலங்களில் ஐந்து தடவை உயர்வுபெற்று, 2011இல் தேசிய லீக்கை அடைந்தனர். 2020 நவம்பரில் பழைய இடத்துக்கு மிக அருகே, புளோ லேன் வீதியிலேயே, தம் சொந்த அரங்குக்குத் திரும்பினர். அதற்காக ரசிகர்களிடமே கடன்பத்திரம் விற்று ஐந்து மில்லியன் பவுணுக்கு மேல் திரட்டினர். கழகத்தின் பெரும்பான்மை உரிமை ரசிகர் நம்பிக்கை நிதியத்தின் கையில். அங்கே பணத்துக்கு வாக்கில்லை, ஆளுக்கொரு வாக்கு. பலவின் ஈட்டம் என்ற இலக்கணத்துக்கு இதனினும் தெளிந்த உதாரணத்தை நான் அறியேன்.

ஆனால் விம்பிள்டன் மக்கள் துணிந்தவர், கொலம்பஸ் மக்கள் துணியாதவர் என்று முடிவுகட்டுவது தவறு. இங்கிலாந்தின் லீக் அமைப்பு ஏணியைப் போன்றது. அடிப்படியில் கால்வைப்பவன் உச்சிவரை ஏறலாம். அமெரிக்க லீக்கில் ஏணியே இல்லை. பூட்டிய கதவுதான் உண்டு. கொலம்பஸ் மக்கள் புதுக்கழகம் கண்டிருந்தால் அது என்றென்றும் கதவுக்கு வெளியிலேயே நின்றிருக்கும். ஆகவே ஓரிடத்து மக்கள் 'அமைப்போம்' என்றதும், மற்றோரிடத்து மக்கள் 'காப்பாற்று' என்றதும் மனத்துணிவின் வேற்றுமையால் விளைந்தனவல்ல. அமைப்பின் வேற்றுமையால் விளைந்தவை. மக்களின் சொற்களை விமர்சிக்குமுன் அச்சொற்களை வரையறுக்கும் நிலைமைகளை விமர்சிக்க வேண்டும் என்ற உண்மையை இது மீண்டும் உணர்த்துகின்றது.

பந்தின் பின்னால் ஓடுவது வர்க்க உணர்வை மழுக்கும் மயக்கமருந்து என்று கூறும் தோழர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு. ஒரு நகரத்து மக்களை மற்ற நகரத்து மக்களின் பகைவராக்க இவ்விளையாட்டு பயன்பட்டது. ஒஸ்டினிலே தம் நகருக்கும் ஓர் அணி வேண்டுமென்று விரும்பிய சாதாரண ரசிகர் எவருக்கும் தீங்கு நினைத்தவரல்லர். செயற்கையாக உண்டாக்கப்பட்ட பஞ்சத்திலே ஒரே அப்பத்துக்காக இரு ஊர்ப் பிள்ளைகளும் மோதவிடப்பட்டனர். மேலும், 'நகரம்' என்று பேசும்பொழுது அந்நகரத்துள் நிலவும் பேதங்கள் மறைந்துவிடுகின்றன. 1997இல் வரி வேண்டாமென வாக்களித்த ஏழையும் கொலம்பஸ்காரனே. புதிய அரங்கைச் சுற்றிய நிலத்தின் விலையேற்றத்தால் இலாபமடைபவனும் கொலம்பஸ்காரனே. கழகம் நின்றதன் பயன் இருவருக்கும் ஒன்றன்று.

மறுபாதி உண்மையோ இது: மக்கள் கூடிக் கட்டியதை மக்களிடமிருந்து பறித்து விலைக்கு விற்பதே இன்றைய பொருளாதாரத்தின் வழக்கம் என்பதை, எந்தப் பிரசுரமும் படியாத ஒரு மனிதன் தன் கழகத்தை இழக்கும் தறுவாயில் நேரே காண்கிறான். அரங்கு யார் பணத்தில் எழுந்தது, நிலம் யாருடையது, வரி விலக்கு யாருக்கு, ஒப்பந்தத்தின் மறைந்த வாசகத்தை எழுதியவர் யார் என்று அவன் கேட்கத் தொடங்குகிறான். அவ்வினாக்கள் மைதானத்தின் மதிலோடு நின்றுவிடுவதில்லை. வினாவைத் தொடங்கியவனை இகழ்ந்து ஒதுக்குவதைவிட, அவ்வினாவை அவனோடு சேர்ந்து முடிவுவரை கொண்டுசெல்வதே முற்போக்காளரின் கடமையாகும்.

அவ்வினாவின் முடிவில் நிற்பது உரிமைச் சட்டம் பற்றிய கோரிக்கை. ஜெர்மனியில் 1998 முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கழக உறுப்பினரிடமே பெரும்பான்மை வாக்கு இருக்கவேண்டும் என்ற விதி நிலவுகின்றது. இங்கிலாந்தில் 2025இல் இயற்றப்பட்ட உதைபந்தாட்ட ஆட்சிச் சட்டம், கழகம் தன் மைதானத்தை விற்பதற்கும் இடம்பெயர்வதற்கும் சுயாதீனமான ஒழுங்குபடுத்துநரின் அனுமதி வேண்டும் என விதிக்கின்றது. விம்பிள்டன் மக்களுக்கு 2002இல் கிடைக்காத பாதுகாப்பு இது. இவை முழு விடுதலையல்ல. ஆயினும் ஊரின் கிழமையைச் சட்டத்தின் எழுத்தில் பொறிக்கும் முயற்சிகள்.

தற்கிழமை இயற்கையாய் அமைவது என்று இலக்கணம் கருதும். சமுதாய வாழ்விலோ அது மனிதர் பல்லாண்டு கூடி உழைத்து ஆக்குவது. கையைக் கூடச் சாத்தனிடமிருந்து பிரித்து விற்கும் வழி காண்பவர் உள்ள உலகம் இது. கொலம்பஸ் மக்கள் ஒருமுறை வென்றனர். பெயருக்காக மறுமுறை வென்றனர். தம்மைக் காத்த சட்டம் திருத்தப்பட்டபொழுதோ தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கூட்டம் கலைந்த பின்னரும் கலையாதிருக்கும் அமைப்பு ஒன்று, ஆளுக்கொரு வாக்குடைய அமைப்பு ஒன்று, அவர்களுக்கு இன்னும் வேண்டியிருக்கின்றது. அது கைகூடும்வரை 'எங்கள் கழகம்' என்ற தொடரிலுள்ள ஆறாம் வேற்றுமை, உடைமையைக் குறிக்கவில்லை. ஒரு கோரிக்கையையே குறிக்கின்றது.